ஊட்டியில் நிரை பிரித்த கடல்

கடலைப் பற்றிப் பேச வேண்டுமென்றால் பெரிய அதிகாரிகள் ஊட்டிக்கு வருவார்கள். மே மாதத்தில்தான் அவர்களுக்குக் கடல் ஞாபகம் வரும். மே மாதத்தில் கடற்கரையில் கால் வைக்க முடியாது என்பது காரணமாக இருக்கலாம். எனக்குத் தெரியாது. நான் படித்தது மூன்றாம் வகுப்பு.

அந்த அரசாங்க பங்களாவில் நான் நெருப்புப் போடுகிறவள். அறைக்கு அறை கணப்பு. விறகு அடுக்குவது, பற்ற வைப்பது, வெந்நீர் காய்ச்சுவது, மறுநாள் சாம்பல் அள்ளுவது. கூட்டம் நடக்கும் பெரிய ஹாலில் இருந்த கணப்பு வெள்ளைக்காரன் காலத்தது. ஆள் பக்கத்தில் உட்கார்ந்து ஊதிக்கொண்டிருந்தால் எரியும். எழுந்தால் புகையும். அதனால் கூட்டம் முடியும்வரை நான் மூலையில் உட்கார்ந்திருப்பேன். அவர்கள் பேசியதெல்லாம் என் காதில் விழுந்தது அப்படித்தான். ரகசியம் என்று யாரும் குரலைத் தாழ்த்தவில்லை. விறகுக் கூடைக்குக் காது இருக்கும் என்று யார் நினைப்பார்கள்.

நானும் கடல் பார்த்தவள்தான். தலைமன்னாரில் கப்பல் ஏறி இராமேசுவரத்தில் இறங்கும்வரை பார்த்தேன். பாதி நேரம் வாளிக்குள் தலை. எங்கள் ஆட்கள் எல்லோரும் அப்படியே. இலங்கையில், மலையில் பிறந்து மலையில் கொழுந்து பறித்தவர்கள். ‘உங்கள் நாடு இந்தியா, போங்கள்’ என்று அனுப்பினார்கள். வந்தோம். சொந்த நாட்டுக்கு முதல் மரியாதையாக அதன் கரையில் வாந்தி எடுத்தோம்.

மண்டபம் முகாமில் ஒரு அதிகாரி வரிசையில் நிற்க வைத்து, என்ன வேலை தெரியும் என்று கேட்டார். முன்னால் நின்றவர்கள் கொழுந்து பறிப்போம், கவ்வாத்து வெட்டுவோம் என்றார்கள். என் அக்கா புருஷன், அத்தான், ‘மீனும் பிடிப்பேன்’ என்று சேர்த்துச் சொன்னார். பொய் இல்லை. எங்கள் எஸ்டேட்டில் ஃபேக்டரிக்குக் கீழே ஓடை ஒன்று உண்டு. ஞாயிற்றுக்கிழமை அதில் தூண்டில் போடுவார். விரல் நீள மீன். அதைப் பற்றித் திங்கள் முதல் சனிவரை பேசுவார்.

அதிகாரிக்கு அன்று மீன்பிடித் திட்டத்துக்கு ஆள் தேவைப்பட்டது. ‘நீ அந்தப் பக்கம் நில்’ என்றார். அத்தானுக்குப் பின்னால் நின்றவர்களுக்கு அந்தப் பக்கம் நிழலாகத் தெரிந்தது. அவர்களும் மீன் பிடிப்போம் என்றார்கள். முன்னால் நிற்பவன் சொன்னதைச் சொல்வது எங்கள் வழக்கம். தோட்டத்தில் அது பிழைக்கும் வழி. இப்படி ஒரு காலனி நிறையக் கொழுந்து பறிக்கிறவர்கள் மீனவர்கள் ஆனார்கள். அவர்களுக்கு வள்ளமும் வலையும் கொடுத்துத் தெற்கே ஒரு கடற்கரையில் குடிவைத்தார்கள். நானும் என் புருஷனும் தேயிலையோடு நிறுத்திக்கொண்டோம். எங்களை நீலகிரிக்கு அனுப்பினார்கள்; புருஷனுக்கு எஸ்டேட், எனக்குப் பங்களா நெருப்பு.

அக்கா மகள் காதுகுத்துக்கு அந்தக் கரைக்குப் போனேன். விடியற்காலை தண்டவாளத் துண்டைத் தட்டும் சத்தம். தோட்டத்துக்கே திரும்பி வந்துவிட்டேனோ என்று பதறி எழுந்தேன். வெளியே வந்து பார்த்தால் மணலில் பெரட்டு நடக்கிறது. பெரட்டு என்றால் தோட்டத்தில் காலை ஆறு மணிக்கு எல்லோரையும் களத்தில் கூட்டி வேலை பிரிப்பது. கங்காணி பெயர் சொல்லிக் கூப்பிட்டு ஆளுக்கொரு நிரை கொடுப்பார். இரண்டு வரிசைத் தேயிலைச் செடிக்கு நடுவே போகிற தடம்தான் நிரை. உன் நிரையில் நீ பறி, என் நிரையில் நான் பறிக்கிறேன். அடுத்தவள் நிரையில் கை வைத்தால் சண்டை.

அத்தான் தானே கங்காணி ஆகி, மணலில் நின்று பெயர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். தலையில் துண்டு, கையில் கம்பு. ஆறு மணி. அந்தக் கரையின் சொந்த மீனவர்கள் இருட்டில் போய், மீனோடு வந்து, விற்றும் முடித்துவிட்டார்கள். எங்கள் பெரட்டைப் பார்ப்பதற்கென்றே பீடியோடு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். காசு இல்லாத டிராமா.

வேடிக்கை அதோடு முடியவில்லை. எங்கள் ஆட்கள் கடலிலும் நிரை பிரித்திருந்தார்கள். மூங்கிலில் துணி கட்டிக் கல்லோடு இறக்கி, இது உன் நிரை, இது என் நிரை. மத்தியானத்துக்குள் மூங்கில்கள் தாமாகவே அடுத்த ஊருக்குப் போய்விட்டன. ஒருவன் போட்ட வலை இன்னொருவன் நிரையில் கிடந்தது. மீன் யாருக்கு என்று அடிதடி. மீன் எந்த நிரையிலும் இல்லை.

பிறகு கற்றுக்கொண்டார்கள். இருட்டில் போகப் பழகினார்கள். நீரோட்டம் பார்க்கப் பழகினார்கள். பாதிப் பேர் வாந்தியை நிறுத்தினார்கள். நிரை மட்டும் ஒரு இடத்தில் நிலைத்தது. மணலில். வள்ளத்தைக் கரையேற்றுவதற்கு ஆளுக்கொரு தடம் பிரித்து இரண்டு பக்கமும் கல் வைத்தார் அத்தான். முன்பு ஒன்றன்மேல் ஒன்று ஏறி முட்டிக்கொண்ட வள்ளங்கள் முட்டாமல் நின்றன. சிரித்துக்கொண்டிருந்த சொந்த மீனவர்களும் மெல்லத் தங்கள் வள்ளங்களுக்குக் கல் வைத்துக்கொண்டார்கள். வைத்ததைப் பற்றி யாரும் பேசவில்லை.

அந்த மணல்தான் வினையாயிற்று. வடக்கே துறைமுகத்துக்குக் கல்லைக் கொட்டிச் சுவர் கட்டிக்கொண்டு வந்தார்கள். தெற்கே உப்பளம் நீண்டுகொண்டு வந்தது. மின்சார நிலையத்துக்குக் கடல்தண்ணீர் எடுக்கக் குழாய் போட வேண்டுமாம். விசைப்படகுக்காரர்களுக்குப் பாலம் வேண்டுமாம். எல்லோருக்கும் வேண்டியது அதே மணல். ஒரு முழத் துணியில் ஐந்து பேருக்குச் சட்டை தைக்கிற கதை.

அக்கா ஆள் மூலம் சொல்லி அனுப்பினாள். “கரை போச்சுன்னா உன் காம்பராவுக்குத்தான் வருவேன். மூணாவது மூட்டை. அதுக்கப்புறம் எவன் வந்தாலும் என்னைய நகட்ட முடியாதுன்னு சொல்லு.”

என் காம்பரா என்பது எஸ்டேட் லயத்தில், அந்த வரிசை வீடுகளில், ஒரு அறை. முன்னால் ஒரு அடுப்படி. அதில் நான், புருஷன், மூன்று பிள்ளைகள், மாமியார். அக்கா வீட்டில் ஐந்து பேர். புருஷன் கூரையைப் பார்த்தார். மாமியார் சொன்னார்: “வரட்டும். நான் ஆணியில தொங்கிக்கிறேன்.”

சொந்தம் வேண்டாமென்று இல்லை. கரை நிற்க வேண்டும் என்று எனக்கு இரண்டு காரணம் இருந்தது. அக்கா மறுபடி மூட்டை கட்டக் கூடாது. கட்டினால் என் வீட்டில் அவிழ்க்கக் கூடாது. எந்தக் காரணம் பெரியது என்று என்னைக் கேட்காதீர்கள்.

அந்த மே மாதம் எங்கள் பங்களாவில் நடக்கப் போகும் கூட்டம் அதே கரையைப் பற்றியது என்று சமையல்காரர் சொன்னார். அவர் கோயமுத்தூர்ப் பக்கத்து ஆள். என்னை ‘சிலோனம்மா’ என்பார்.

மீனவர் சார்பில் இரண்டு பேரை அழைத்திருந்தார்கள். ஒருவர் சொந்த மீனவர்களின் தலைவர். அவரை அழைக்காமல் இருக்க முடியாது. அழைத்தால் சத்தம் போடுவார். சத்தத்துக்கு மருந்தாக, சொன்னதற்கெல்லாம் தலையாட்டுகிற மீனவர் ஒருவர் வேண்டும். தோட்டத்து ஆள் துரைக்குத் தலையாட்டியே வளர்ந்தவன். அத்தானை அழைத்தார்கள்.

அத்தான் பஸ்ஸிலிருந்து ஒரு கருவாட்டு மூட்டையோடு இறங்கினார். பங்களா பின்வாசலுக்கு வந்ததும் சமையல்காரர் மூக்கைப் பொத்தினார்.

“ஏனுங்க, இதுக்குள்ள யாருங்க செத்துக் கெடக்கறது?”

“சாளைக் கருவாடு. என் கொழுந்தியாளுக்கு.”

“அம்மணிக்கு நீங்க என்னங்க கெடுதல் நெனைக்கறீங்க? பெரிய ஐயா ரூமு மேலதானுங்க இருக்குது. வாசம் போச்சுன்னா கூட்டமே கலைஞ்சு போயிருமுங்க.”

“கலைஞ்சா நல்லதுதானே,” என்றார் அத்தான்.

பின்னாலேயே தலைவர் வந்தார். கறுத்த, அகலமான மனிதர். ஸ்வெட்டர் இல்லை. மீன்செதில் ஒட்டிய துண்டைக் காதோடு கட்டியிருந்தார். பல் கிடுகிடுத்துக்கொண்டிருந்தது. “எப்படிம்மா இந்தக் குளுர்ல மனுசன் இருக்கான்?” என்றார் என்னைப் பார்த்து. “மீன்தான் ஐஸ்ல கெடக்கும்.”

அடுப்படியில் உட்கார வைத்துச் சூடாகத் தேத்தண்ணீர் கொடுத்தேன். அத்தானைக் காட்டி, “இந்தத் தேயிலைப் பயலை எதுக்குக் கூட்டியாந்திருக்காங்கன்னு எனக்குத் தெரியும். நீ வாயத் தொறக்காம இருந்தாப் போதும்வே,” என்றார்.

“என்னைய என்னா நெனச்ச?” என்றார் அத்தான். “தோட்டத்துல ஸ்ட்ரைக்கு நடந்தப்போ கொடி புடிச்சவன் நானு.”

“பிடிச்சீங்க,” என்றேன். “தொரை கார் வந்ததும் கொடியில மூஞ்சியத் தொடச்சீங்க.”

தலைவர் சிரித்தார். பல் கிடுகிடுப்பது நின்றது.

மறுநாள் கூட்டம். வெளியே மழை. மேசைமேல் பெரிய வரைபடம் விரித்திருந்தார்கள். முழுக்க நீலம். ஓரத்தில் ஒரு கோடு, அதுதான் கரை. கோட்டுக்கு இந்தப் பக்கம் வெள்ளை. நாலு மூலைக்கும் என் விறகுக் கூடையிலிருந்து கட்டை எடுத்து வைத்துக்கொண்டார்கள். காகிதம் சுருளாமல் இருக்க.

தலைமை அதிகாரி வயதானவர், நல்லவர். குரங்குக் குல்லாயும் மப்ளரும் போட்டிருந்ததால் மூக்கு மட்டும் தெரிந்தது. அவருக்கு இந்தப் பக்கம் துறைமுக எஞ்சினியர், அந்தப் பக்கம் உப்பளத்து முதலாளி, மீன்துறை அதிகாரி, இன்னும் சிலர். எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். எஞ்சினியர் கப்பல் வரும் வழி என்று கையை வீசினார். உப்பளத்துக்காரர் அந்தக் கையைப் பிடித்துத் தள்ளினார். தலைவர் எழுந்து நின்று கத்தினார். அவர் கத்தியது நியாயம்தான். ஆனால் கத்தலில் நியாயம் கேட்கவில்லை.

தலைமை அதிகாரி மூக்கை அத்தான் பக்கம் திருப்பினார். “நீங்க சொல்லுங்க. உங்க காலனியிலே எப்படிச் சமாளிக்கிறீங்க?”

அத்தான் எழுந்தார். துண்டு தோளிலிருந்து கக்கத்துக்கு இறங்கியது.

“தொரை, நாங்க நிரை பிரிச்சிருக்கோம்.”

“அப்படின்னா?”

“மணல்லங்க தொரை. ஆளுக்கொரு தடம். ரெண்டு பக்கமும் கல்லு. அவன் தடத்துல இவன் ஏத்த மாட்டான். சண்டை இல்ல. இந்தக் கரைய உட்டுட்டா அப்படி ஏத்துறதுக்கு வேற எடம் கெடையாது. எங்களுக்கு அது ஒண்ணு போதும் தொரை.”

நல்லாத்தான் பேசினார். அதோடு உட்கார்ந்திருக்கலாம். ஆனால் அதிகாரி முகம் மலர்ந்ததைப் பார்த்தார். துரை முகம் மலர்ந்தால் எங்கள் ஆட்களுக்கு நிற்கத் தெரியாது. “மொதல்ல கடல்லயே பிரிச்சோம் தொரை. மூங்கில் நட்டு,” என்றார்.

“கடலிலேயே!” அதிகாரி மேசையைத் தட்டினார். “பாருங்க, படிக்காத மனுஷனுக்குத் தோணியிருக்கு! நாம இத்தனை நேரம் கத்திக்கிட்டிருக்கோம்.”

“அது நிக்கல தொரை, மூங்கில் நடந்து...”

“உட்காருங்க, உட்காருங்க.”

சிவப்புப் பென்சில் வந்தது. நீலத்தில் கோடு விழுந்தது. இது கப்பலுக்கு, இது விசைப்படகுக்கு, இது மின்சார நிலையத்துக் குழாய்க்கு. உப்பளத்துக்காரர், உப்புக்கு ஒரு நிரை வேண்டாமா என்றார். உப்பு கடலில் எங்கே இருக்கிறது என்று எஞ்சினியர் கேட்டார். “பின்னே எங்கய்யா இருக்கு?” என்றார் அவர். அவருக்கும் ஒன்று விழுந்தது. கடைசியில் நாட்டு வள்ளத்துக்கு மிஞ்சிய நிரை கப்பல் வழிக்கு அந்தப் பக்கம், அடிவானத்தில்.

தலைவர் இப்போது கத்தவில்லை. கிட்டே போய்ப் பார்த்தார். “சார், கடல் நடக்கும் சார். நீங்க போடுற கோட்டுக்கு அது நிக்காது. சரி, அது கெடக்கட்டும். எங்க வள்ளம் இம்புட்டுத் தூரம் போயிட்டு வந்து எங்கன ஏறும்? கரையில கோடு எங்க?”

எல்லோரும் வரைபடத்தின் வெள்ளைப் பகுதியைப் பார்த்தார்கள். எஞ்சினியர் சொன்னார்: “இது கடல் ஷீட். கரை வேற இலாகா. அந்த ஷீட் வேற.”

“எங்க அது?”

“கரையிலே.”

யாரும் கொண்டு வரவில்லை. ஸ்வெட்டர் கொண்டு வந்திருந்தார்கள். பைனாகுலர் கொண்டு வந்திருந்தார்கள். அதிகாரி மப்ளரைத் தளர்த்தினார். “சரி, கரையை நாளைக்குப் பேசிக்கலாம்.” தந்தி அடித்து ஷீட்டை வரவழைக்கச் சொல்லிவிட்டு எழுந்தார். மலர்க் கண்காட்சிக்கு ஜீப் காத்துக்கொண்டிருந்தது.

அத்தான் அடுப்படிக்கு வந்து முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். “நான் மணலத்தான் சொன்னேன்.”

“வாய மூடச் சொன்னேனே,” என்றார் தலைவர்.

“ஷீட்டு வந்துட்டா?” என்று கேட்டேன்.

“வந்தா இன்னொரு பென்சில். மணலுக்கும் கோடு.” தலைவர் தேத்தண்ணீரை ஊதினார். “ஒங்க அக்கா மூட்டையக் கட்டிக்கிட்டு இங்கன வந்துருவா. எனக்கு அதுவும் இல்ல. எனக்கு எந்த மலையிலயும் தங்கச்சி கெடையாது.”

மட்டன் கழுவிக்கொண்டிருந்த சமையல்காரர் தலையைத் தூக்கினார்.

“ஏனுங்க, எனக்கொரு சந்தேகமுங்க. இவங்க இந்த வருசமே எல்லாத்தையும் முடிவு பண்ணிப்போட்டா, வார வருசம் எதுக்குங்க ஊட்டிக்கு வரோணும்?”

தலைவர் கோப்பையைக் கீழே வைத்தார்.

“அதத்தானுங்க சொல்றன்,” என்றார் சமையல்காரர். “பெரிய ஐயாவோட சம்சாரம் நேத்தே கேட்டுப்போட்டாங்க, அடுத்த வருசமும் இதே ரூமு கெடைக்குமான்னு. நாம என்னத்துக்குங்க தடுக்கோணும்?”

அதன்பிறகு நாங்கள் கரையைப் பற்றிப் பேசவில்லை. கறியைப் பற்றிப் பேசினோம்.

அந்த வாரம் நான் போட்ட நெருப்பு மாதிரி எந்த வாரமும் போட்டதில்லை. ஈர விறகைத் தொடவில்லை. யூகலிப்டஸ் கட்டையைச் சிறு சிறு துண்டாகப் பிளந்து போட்டேன், அறை மணத்தது. அவர்கள் நினைக்கும் முன் வெந்நீர் போனது. சமையல்காரர் காலையில் சூடான வர்க்கி, மத்தியானம் மட்டன், ராத்திரிக்கு மிளகு ரசம் என்று அடுக்கினார். காலையில் ஹாலுக்குள் போனவர்களுக்கு, வயிறு நிறைந்து, முதுகில் கணப்புச் சூடு ஏறினால், கண் சொருகும். தீர்மானம் எடுக்கும் முகம் அது இல்லை.

ஏரியில் படகு விட வேண்டும் என்று அதிகாரியின் சம்சாரம் ஆசைப்பட்டார். அத்தானை அனுப்பினோம். கடலைப் பங்கு போட்டவர்கள் இடுப்பளவுத் தண்ணீரில் படகு ஆடியதும் அலறினார்களாம். எஞ்சினியர் அத்தானின் கழுத்தைப் பிடித்துக்கொண்டாராம். “விடுங்க தொரை, நானும் இப்படித்தான் இருந்தேன். பழகிரும்,” என்று சமாதானம் சொன்னாராம் இவர். அதைச் சொல்லிக் காட்டி அடுப்படியில் தலைவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

கரை ஷீட் தந்திக்கு வரவில்லை. மேட்டுப்பாளையத்தில் ரயில் தவறியதோ என்னவோ. கடைசி நாள் அதிகாரி சொன்னதைக் கணப்போரம் நானே கேட்டேன். “கரை விஷயம் சிக்கலானது. அவசரப்படக் கூடாது. அடுத்த சீசன்ல விரிவா உட்காருவோம்.” எல்லோரும் மேசையைத் தட்டினார்கள். நான் ஒரு கட்டையை அதிகமாகவே போட்டேன்.

அடுத்த சீசன் விரிவாக உட்கார்ந்தார்கள். அதற்கடுத்த சீசன் குடும்பத்தோடு உட்கார்ந்தார்கள். ஒரு முறை கரை ஷீட் வந்தது, கடல் ஷீட்டை மறந்துவிட்டார்கள். ஒரு முறை இரண்டும் வந்தன, இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. ஒன்றில் ஊர் பெரிது, ஒன்றில் சிறிது. அத்தான் ஒவ்வொரு முறையும் கருவாட்டோடு வருவார், சிரித்துக்கொண்டே திரும்புவார். துறைமுகச் சுவர் மணலுக்குக் கூப்பிடு தூரத்தில் நின்றது. உப்பளமும் நின்றது. அக்கா இரண்டாவது மகளுக்கும் அங்கேயே காது குத்தினாள். என் மாமியார் ஆணியிலிருந்து இறங்கிவிட்டதாகச் சொன்னார்.

பிறகு அந்த நல்ல தலைமை அதிகாரி ரிட்டயர் ஆனார். புதியவர் வந்தார்.

புதியவருக்கு முதல் கொண்டை ஊசி வளைவிலேயே வாந்தி தொடங்கிவிட்டதாம். பங்களா வாசலில் ஜீப் நின்றபோது வெளுத்துப்போய் இறங்கினார். வாளியைப் பிடித்தவள் நான். குனிந்திருந்த அந்தத் தலையைப் பார்த்ததும் பாவமாகத்தான் இருந்தது. எங்கள் சனம் கப்பலில் இருந்த மாதிரியே இருந்தார்.

சமையல்காரர் மட்டனோடு காத்திருந்தார். புதியவர் மோர் கேட்டார். ராத்திரியும் மோர். காலையில் அரை இட்லி. “மோர்ச்சோத்துக்காரனை வெச்சு நான் என்னத்தைங்க சாதிக்கறது?” என்று சமையல்காரர் கரண்டியைப் போட்டார்.

ஹாலுக்குள் வந்ததும் புதியவர் இருமினார். “இந்தப் புகை எனக்கு ஆகாது. நெருப்பை அணைச்சிடுங்கம்மா.” ‘அம்மா’ என்றுதான் சொன்னார். மரியாதையான மனிதர். அணைத்தேன். அணைந்த நெருப்புக்குப் பக்கத்தில் உட்கார ஆள் எதற்கு? வெளியே வந்தேன். கதவு சாத்தினார்கள்.

உள்ளே என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. நெருப்பு இல்லாத ஹாலில் குளிரும். குளிரில் ஆட்கள் சுருக்கமாகப் பேசுவார்கள். இரண்டு ஷீட்டும் கொண்டு வந்திருந்தார் என்று மட்டும் தெரியும். இரண்டும் ஒரே அளவு. கெட்டவர் இல்லை. சுறுசுறுப்பானவர். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பே கதவு திறந்தது. மூன்று நாளுக்கு வாங்கிய மட்டன் அப்படியே இருந்தது.

தலைவர் யாரையும் பார்க்காமல் நேராகப் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார். அத்தான் பின்வாசல் படியில் உட்கார்ந்தார்.

“என்ன ஆச்சு அத்தான்?”

“முடிஞ்சிருச்சு.”

“நமக்கு?”

“கடல் இருக்கு. யாரும் நம்மள ஒண்ணும் கேக்க மாட்டானாம். கரைதான் இல்ல. தெக்க ஒரு ஓடை வாயில எடம் காட்டுறான். முழங்கால் சேறு. குடிதண்ணி இல்ல.”

“தலைவர் என்னா சொன்னாரு?”

“அவரு கத்தவே இல்ல புள்ள. ‘என்னய்யா, கத்துங்க’ன்னு நான்தான் சொன்னேன். கத்துறதுக்கு அவன் நேரமே குடுக்கல.”

சமையல்காரர் இரண்டு தட்டில் சோறு போட்டு, அதிகாரிக்கு வைத்திருந்த கறியை எடுத்து ஊற்றினார். அத்தான் சாப்பிட்டார். நன்றாக இருந்தது என்றார்.

தலைவரும் அவர் ஆட்களும் ஓடை வாய்க்குப் போனார்கள். கடலை விட்டால் அவர்களுக்கு வேறு தெரியாது. காலனி ஆட்கள் சிலர் அவர்களோடு போனார்கள், சிலர் எங்கெங்கோ போனார்கள். அக்கா சொன்ன மாதிரியே செய்தாள்.

மழைக்காலத்தில் ஊட்டி பஸ் ஸ்டாண்டில் இறங்கினாள். பிள்ளைகள் நீலம் பாரித்து நின்றன. அக்கா முதலில் என்னைப் பார்க்கவில்லை, மேலே பார்த்தாள். “எங்கடி வானம்?” என்றாள்.

“மஞ்சு விலகினாத் தெரியும்.”

“எப்ப விலகும்?”

“செப்டம்பர்ல.”

லயத்துக்குப் போனோம். மாமியார் ஒரு மூலையைக் காலி செய்து சாக்கு விரித்து வைத்திருந்தார். தன் மூலையை. “ஆணி சரியா இல்ல. அதான் கீழயே படுத்துக்கலாம்னு,” என்றார். பதினொரு பேர் படுத்தோம். ஒருவர் திரும்பினால் எல்லோரும் திரும்ப வேண்டும். சாளை வாசம் துணியில் ஊறிக் கிடந்ததால் பக்கத்துக் காம்பராப் பூனைகள் எல்லாம் எங்கள் வாசலில் குடியேறின. அக்காவும் நானும் அடுப்புக்குச் சண்டை போட்டோம், தண்ணீருக்குச் சண்டை போட்டோம், சண்டைக்கு நேரம் இல்லாத நாளில் சும்மா முறைத்துக்கொண்டோம். அத்தானை எஸ்டேட்டில் எடுக்கவில்லை. ஆள் நிறைந்துவிட்டதாம்.

பக்கத்தில் கேத்தியில் கேரட் கழுவ ஆள் வேண்டும் என்று சமையல்காரர்தான் விசாரித்துச் சொன்னார். பிடுங்கிய கேரட்டைத் தொட்டியில் கொட்டி, ஆள் இறங்கிக் காலால் மிதித்து மண் போகக் கழுவ வேண்டும். அந்தத் தண்ணீரில் ஒரு மணி நேரம் நின்றால் கால் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும். யாரும் நிலைப்பதில்லை. அத்தான் நிலைத்தார். ‘கடலைவிட இது ஆடாம இருக்கு’ என்றார். அக்கா தொட்டிக் கரையில் உட்கார்ந்து தழை அறுத்துக் கட்டுக் கட்டினாள். தோட்டத்துச் சொந்தக்காரர் இந்த மலையின் படகர், சாந்தமான மனிதர். மோட்டார் ரூமுக்குப் பக்கத்தில் கிழங்கு போடுகிற ஒரு கொட்டகையில் இருந்துகொள்ளச் சொன்னார். என் காம்பரா மறுபடி ஆறு பேர் ஆயிற்று. முதல் ராத்திரி திரும்பிப் படுக்க இடம் இருந்தும் தூக்கம் வரவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போனேன். அக்கா கொட்டகையின் தரையை மெழுகி, தகரத்தின் ஓட்டைக்குத் தார் வைத்து, வாசலில் ஒரு கோழியையும் கட்டியிருந்தாள். நான் இருக்கும்போதே தோட்டக்காரர் வந்தார். தயங்கித் தயங்கிப் பேசினார்.

“அம்மா, அடுத்த போகத்துக்கு உருளைக்கிழங்கு வெக்க இந்தக் கொட்டகை வேணும். உங்களுக்கு வேற எங்கயாவது ஒரு எடம்...”

அக்கா தழை அறுப்பதை நிறுத்தவில்லை.

“கெழங்குக்கு வேற எடம் பாருங்க,” என்றாள்.

அவர் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. அவர் என்னைப் பார்த்தார். நான் கோழியைப் பார்த்தேன். அத்தான் தொட்டிக்குள் மிதித்துக்கொண்டே இருந்தார். கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் தோட்டக்காரர் போனார். அந்த வருடம் கிழங்குக்கு மேட்டில் வேறு கொட்டகை போட்டார்.